இரைச்சலின் வரலாறு: பழைய வீடியோ நாடாக்களின் ஒலி பற்றிச் சில குறிப்புகள்

ஏட்டுச் சுவடிகள் அச்சேறிய காலத்தில் பதிப்பாசிரியர் எதிர்நோக்கிய தலையாய வினா, எது நூலாசிரியரின் பாடம், எது ஏடெழுதினோரின் பிழை என்பதேயாகும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது அவர் முன் நின்றதும் இவ்வினாவே. அவ்வூருக்கு அணித்தாயுள்ள சுன்னாகத்திலும் அயற் கிராமங்களிலும், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பதிவான வி.எச்.எஸ். நாடாக்களைக் கணினிக்கு மாற்றுவோர் முன் அதே வினா இன்று வேறு வடிவில் எழுந்துள்ளது. நாடாவை ஓடவிட்டதும் ‘ம்ம்’ என்றெழும் முரல்வும் சீறலும் உறுமலும் எவ்விடத்து வந்தவை? அவற்றுள் நீக்கத்தக்கது எது?

இவ்வினாவைத் தொழில்நுட்பவியலாருக்கு உரியதெனத் தள்ளிவிடுதல் தவறு. நாடாவின் ஒலி ஒரு பாடம். பாடத்தை நிர்ணயித்தல் விமர்சனத்தின் பணி. எனினும் பொருளின் பௌதிக இயல்பை அறியாத விமர்சனம் வெறும் கருத்துமுதல்வாதமாகவே முடியும்.

வி.எச்.எஸ். நாடாவின் விளிம்பில், ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் ஓடுவது அதன் நேர்கோட்டு ஒலித்தடம். எம் நாட்டில் வழங்கிய பால் முறையில் நாடா செக்கனுக்கு 2.34 சென்ரிமீற்றர் வேகத்தில் நகரும். இது சாதாரண ஒலிக்கசற்றின் வேகத்தில் ஏறத்தாழப் பாதி. ஆகவே சீறல் அதன் பிறவிக்குணம். பிற்கால ஹை-ஃபை கருவிகளில், சுழலும் உருளையின் தலைகள் படத்தோடு சேர்த்து இன்னொரு ஒலித்தடத்தையும் பதிந்தன. அவ்வுருளை செக்கனுக்கு 25 முறை சுழல, இரு தலைகளும் 50 முறை மாறுகின்றன. தடம் சரிவரப் பொருந்தாவிடில் இம்மாற்றமே ஓர் உறுமலாகக் கேட்கும். மின்விநியோகத்தின் அலைவெண்ணும் 50 ஹேட்ஸ் ஆகையால், இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் பலர்.

மயக்கத்தைத் தீர்க்கும் சோதனை எளியது. நாடாவை நிறுத்துக. முரல்வு தொடருமாயின் அது நாடாவுக்கு உரியதன்று. கருவிகளுக்கிடையே புவித்தொடுப்பு வளையமாகிவிட்டது, அல்லது கம்பி பழுது. அன்ரனாக் கம்பியைக் கழற்றி, எல்லாக் கருவிகளையும் ஒரே செருகியில் இணைத்து, மடிக்கணினியைப் பற்றரியில் இயக்கினால் பெரும்பாலும் அது மறையும். நாடா ஓடும்போது மட்டும் கேட்பின், தடப்பொருத்தத்தைச் சற்றே திருகிப் பார்த்தல் வேண்டும். உறுமல் மாறினால் குற்றம் ஹை-ஃபை தடத்தில் உள்ளது, நேர்கோட்டுத் தடத்துக்கு மாறலாம். அதில் குரல் மூடுண்டு ஒலிக்குமாயின், பதிந்த கருவியின் ஒலித்தலையும் இசைக்கும் கருவியின் தலையும் ஒரே கோணத்தில் இல்லை என்பது பொருள். தலையின் சரிவைத் திருத்துவதே வழி. அங்கு இழந்ததை எந்த மென்பொருளும் பின்னர் மீட்டுத் தராது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது பூட்டிய வீடுகளில் விடப்பட்டுப் பூஞ்சணம் பிடித்த நாடாக்களைத் துப்புரவாக்காது ஓட்டுதல், நாடாவையும் தலையையும் ஒருங்கே கெடுக்கும்.

இவையெல்லாம் ஏடெழுதினோரின் பிழைகள் போன்றவை. நாடாவின் தழும்புகள் அனைத்தும் வரலாறே என்று உருகும் ஒரு சாராருக்கு, கம்பிப் பழுதிலும் காலத்தின் குரல் கேட்கிறது. அது வரலாற்றுணர்வன்று, பழமைமோகம்.

மறுபுறத்தே நிற்பவை பதிவுக்கே உரிய இரைச்சல்கள். 1990இன் பின் குடாநாடு மின்சாரமின்றி இருந்த ஆண்டுகளில் வீடியோ எடுத்தல் ஜெனரேற்றரை நம்பியே நடந்தது. பெற்றோல் கிடைக்காத காலம். மண்ணெண்ணெயில் இயங்கிய எஞ்சினின் திணறலும் ஒலிவாங்கியிற் பதிந்தது. கமராவின் தன்னியக்க ஒலிமட்டக் கட்டுப்பாடு இதற்கு எதிர்பாராத சாட்சியாகிறது. நாதஸ்வரம் உரத்து ஒலிக்கையில் அது மட்டத்தைத் தாழ்த்தும். வாத்தியம் ஓய்ந்ததும் உயர்த்தும். அம்மௌனத்தில் எஞ்சின் பொங்கி எழுகிறது. அதனூடே சமையற்கொட்டிலிற் பாத்திரம் கழுவும் பெண்களின் பேச்சும் வந்துவிடுகிறது. வீடியோ எடுக்க வசதி படைத்தோர் தம் செல்வாக்கைப் பதியவே கமராவை அழைத்தனர். அழைக்கப்படாத உழைப்பு இரைச்சலாகப் புகுந்துகொண்டது. இரைச்சல்நீக்கி மென்பொருள் முதலில் அழிப்பது இதனைத்தான். மௌனத்தில் ஒரு மாதிரியை எடுத்து அதனை முழுமையிலிருந்தும் கழிப்பதே அதன் முறை. மௌனத்திலிருப்பது யாது என அது கேட்பதில்லை.

சுன்னாகத்திலிருந்து 1966 ஒக்டோபர் 21இல் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை ஒழிப்பு ஊர்வலம், வி.எச்.எஸ். கசற் தோன்றுவதற்குப் பத்தாண்டு முந்தியது. அவ்வெழுச்சியின் கோஷங்களை எந்த வீட்டு அலுமாரியிலும் நாடாவாகத் தேட முடியாது. அடிநிலை மாந்தரின் குரல் பதிவுகளில் எத்துணை அருமையானது என்பதை எண்ணுவோர், கலியாணவீட்டு நாடாவின் பின்புலத்தை இலகுவில் துடைத்தெறியார்.

இங்கே இன்னொரு செய்தி. கலியாண வீடியோக்களிற் பல, உண்மையான ஒலியை அகற்றித் திரைப்பாடலைப் பூசியவை. என் கருத்தில், இந்நாடாக்களின் மெய்யான வேண்டா ஒலி இதுவே: சந்தைப் பண்டமொன்று ஒரு சமூகத்தின் பேச்சை மூடிய ஒலி. ஆயின் வி.எச்.எஸ். கருவியின் ஒலிப்பூச்சு வசதி நேர்கோட்டுத் தடத்தை மட்டுமே மாற்றக்கூடியது. படத்தோடு பிணைந்த ஹை-ஃபை தடத்தை அது தொட இயலாது. ஆகவே மூலநாடா ஹை-ஃபையில் பதியப்பட்டு, பாடல் அந்நாடாவிலேயே பூசப்பட்டிருப்பின், தடத்தை மாற்றியதும் பாடல் நீங்கி மணவறை பேசத் தொடங்கும். பிரதியெடுத்துத் தொகுத்த நாடாக்களில் இப்பேறு இல்லை.

புலம்பெயர்ந்தோர்க்கு அனுப்பிய பிரதிகளோ இரட்டை முரல்வு உடையவை. கனடாவின் மின் அலைவெண் 60 ஹேட்ஸ். அங்கு மாற்றிப் பிரதிசெய்த நாடாவில், ஊரின் ஐம்பதும் அந்நாட்டின் அறுபதும் அடுத்தடுத்துப் படிந்திருத்தல் கூடும். மூலம் அழிந்த நிலையில் பிரதிகளின் வழிமுறையை அறிய இதனினும் உறுதியான சான்று அரிது. ஏடுகளின் குடிவழி காண்போர் பாடபேதங்களைப் பயன்படுத்துவதும் இவ்வாறே.

ஆதலின் நடைமுறை பின்வருமாறு அமைதல் வேண்டும். இசைக்கும் கருவியின் குற்றங்களை மாற்றத்திற்கு முன்னரே களைக; ஒலியை 48 கிலோஹேட்ஸ், 24 பிற் அளவில், சுருக்காது, இரு தடங்களையும் தனித்தனியே பதிக; அதனை எவரும் தொடாதிருக்கச் செய்க. குடும்பத்தார் கேட்டு மகிழச் சீறலைத் தணித்த பிரதி வேறொன்று தரலாம், தடையில்லை. என்ன நீக்கப்பட்டது, எக்கருவியால், எந்நாளில் என்ற குறிப்பு அதனுடன் இருத்தல் வேண்டும். இன்று வந்துசேரும் கோப்புகளிற் பலவற்றில் அக்குறிப்பு இல்லை. மூலநாடாவோ, இடம் அடைக்கிறதென எறியப்பட்டுவிடுகிறது.