சேத்தூரில் ஒரு நியூஜெர்சி நம்பர்

மேஜிக்ஜாக் என்று ஒரு டப்பா. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு பக்கம் யு.எஸ்.பி. முனை, மறுபக்கம் டெலிபோன் ஒயர் செருகும் ஓட்டை. கம்ப்யூட்டரில் இதைச் செருகி, வீட்டில் கிடக்கும் பழைய போனை மாட்டினால் டயல் டோன் வந்துவிடும். 2007-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. விலை 40 டாலர். முதல் வருஷ சேவை அதிலேயே அடக்கம். அப்புறம் வருஷத்துக்கு 20 டாலர். அமெரிக்கா, கனடா நம்பர்களுக்கு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்.

நம்மவர்கள் இதற்கு வேறொரு உபயோகம் கண்டுபிடித்தார்கள். டப்பாவை அங்கே வைத்துக்கொள்ளாமல், லீவுக்கு ஊர் வரும்போது பாதாம் பருப்பு, சாக்லேட்டோடு சூட்கேஸில் போட்டு எடுத்து வந்து அம்மா வீட்டில் மாட்டிவிட்டுப் போனார்கள். அம்மா இருப்பது சேத்தூர். ஆனால் போன் நம்பர் நியூஜெர்சி! மகன் பக்கத்துத் தெருவுக்குப் பேசுகிற மாதிரி பேசுவான். அம்மாவும் கூப்பிடலாம், காசே இல்லை. 'மேஜிக்' என்று பேர் வைத்ததில் தப்பே இல்லை போலிருக்கிறது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள்.

சேத்தூர், ராஜபாளையத்திலிருந்து தென்காசி ரோட்டில் போனால் வருகிற ஊர். ஒரு காலத்தில் ஜமீன். மேற்கே மலை. எஸ்.டி.டி. கோடு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு உள்ள அதே 04563. இந்த மாதிரி ஊர்களில் ஐ.எஸ்.டி. போட என்ன பாடு என்பது நாற்பது வயசு தாண்டியவர்களுக்கு மறந்திருக்காது. மஞ்சள் போர்டு பூத், கண்ணாடிக் கதவு, உள்ளே புழுக்கம், தலைக்கு மேல் சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டர். 1999 வாக்கில் அமெரிக்காவுக்கு நிமிஷம் அறுபது ரூபாய்ச் சொச்சம். 'நல்லா இருக்கியா, சாப்டியா, வச்சிடறேன்' என்பதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும்.

வெளிநாட்டுப் பேச்சுக்கு வி.எஸ்.என்.எல். ஒருத்தர்தான் கடை வைத்திருந்தார். அந்த ஏகபோகம் 2002 மார்ச் 31-ம் தேதி முடிந்தது. மறுநாள், ஏப்ரல் 1 (தேதியைக் கவனியுங்கள்), இன்டர்நெட் வழியாகப் பேசுவதும் சட்டபூர்வமானது. அதிலும் ஒரு வால். இந்தியாவில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு போனுக்குப் பேசலாம். இந்தியாவில் உள்ள போனுக்குப் பேசக் கூடாது. அதாவது இன்டர்நெட் கனெக்‌ஷன் வைத்துள்ள ஒரு ராஜபாளையத்துக்காரர் அதன் வழியாக சிகாகோவைக் கூப்பிடலாம், சேத்தூரைக் கூப்பிடக் கூடாது. இந்தக் கதவு முழுசாகத் திறக்க 2018 ஆயிற்று. அதற்குள் எல்லாரும் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டார்கள்.

இப்போது டப்பாவைப் பார்ப்போம். முதல் குறை, அது தூங்கவே கூடாது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் போன் அடிக்கும். கம்ப்யூட்டர் இல்லாமல் வேலை செய்கிற மாடல் 2011-ல்தான் வந்தது. அதற்கும் கரண்ட் வேண்டும், மோடத்துக்கும் வேண்டும். 2012-ல் சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். நியூஜெர்சியில் சாயங்காலம் என்றால் இங்கே விடியற்காலை. மகன் ஆபீஸ் விட்டு வந்து கூப்பிடுகிற நேரமும் மின்வாரியம் பீஸைப் பிடுங்குகிற நேரமும் ஒத்துப்போனால் மேஜிக் காலி.

இதற்கு நேர்மாறாக, நாம் கேவலமாகப் பேசின பழைய தாமிரக் கம்பி லேண்ட்லைன் இருக்கிறதே, அதற்கு வீட்டுக் கரண்ட்டே வேண்டாம். எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் அந்தக் கம்பியிலேயே வந்துவிடும். ஊரே இருட்டாக இருந்தாலும் மணி அடிக்கும். இதன் அருமை, அது போன பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

இரண்டாவது, தாமதம். குரலை 20 மில்லிசெகண்டுத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் விலாசம் ஒட்டி அனுப்புகிறார்கள். கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். கடலடி கேபிள் சுற்றிச் சுற்றிப் போவதால் இருபதாயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதற்கே பத்தில் ஒரு செகண்டு. மேலே, தாறுமாறாக வந்து சேரும் துண்டுகளை வரிசைப்படுத்தக் கொஞ்ச நேரம். ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேசுகிறவர்களுக்குத் தெரியாது என்று சர்வதேச டெலிகாம் யூனியன் சொல்கிறது. தாண்டினால் என்ன ஆகும்? 'சாப்டியாப்பா?' என்று அம்மா கேட்கிறாள். பதில் இல்லை. மறுபடி 'சாப்டியா?' என்கிறாள். அதே சமயம் முதல் பதில் வந்து மோதுகிறது. இரண்டு பேரும் நிறுத்துகிறார்கள். இரண்டு பேரும் மறுபடி ஆரம்பிக்கிறார்கள். காசில்லாமல் ஒரு மணி நேரம் பேசினாலும் முக்கால்வாசி 'ஹலோ, கேக்குதா?'தான்.

அந்த ஹலோவும் இலவசம் இல்லை. தரமான குரலுக்கு இரு வழியும் சேர்த்து மணிக்கு 70 எம்.பி. சொச்சம் போகும். பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் 2005 ஜனவரியில் வந்த காலத்தில், மாசம் ஒரு ஜி.பி. வரம்பு வைத்த திட்டத்தில் பதினாலு மணி நேரம் பேசினால் மொத்தமும் தீர்ந்துபோகும். அதற்கு மேல் பில். அதைக் கட்டினது அப்பாவாகத்தான் இருக்கும், மகனுக்கு 'ஃப்ரீ'.

இதெல்லாம் சில்லறை. எனக்கு நிஜமாகவே கோபம் வருவது அடுத்த விஷயத்தில். போன் என்பது அரட்டைக்கு மட்டும் அல்ல. ராத்திரி நெஞ்சு வலித்தால் கூப்பிடவும்தான். நியூஜெர்சி நம்பர் வைத்த டப்பாவிலிருந்து 108-க்குப் போகாது. அங்கே 911 அடித்தால் பதிவு செய்து வைத்த விலாசத்துக்குத்தான் வண்டி போகும், டப்பா இருக்கும் இடத்துக்கு அல்ல. அமெரிக்காவிலேயே இன்டர்நெட் போனில் 911 சரியாகக் கிடைக்காமல் விபரீதமாகி, 2005-ல் அவர்களுடைய எஃப்.சி.சி. உத்தரவு போட்டுத்தான் கம்பெனிகளை வழிக்குக் கொண்டுவந்தது. 'அமெரிக்க நம்பர் இருக்கே, லேண்ட்லைன் எதுக்கு தண்டத்துக்கு வாடகை?' என்று சரண்டர் பண்ணச் சொன்ன பிள்ளைகள் இதை யோசித்திருக்க வேண்டும்.

சின்ன எழுத்து சமாசாரம் ஒன்று. நீங்கள் கூப்பிடும் நம்பர்களை அலசி, அதற்கேற்ற விளம்பரம் காட்டுவோம் என்று மேஜிக்ஜாக்கின் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. 2008-ல் போயிங் போயிங் என்ற அமெரிக்கப் பத்திரிகைத் தளம் இதைப் போட்டு உடைத்தது. கம்பெனி வழக்குப் போட்டது. தோற்று, எதிராளியின் வக்கீல் செலவாக 50,000 டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது. வருஷத்துக்கு 20 டாலருக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று நாமெல்லாம் வியந்தோமே, அதற்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

அரசாங்கத்தையும் சும்மா விடுவதற்கில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் காலுக்கு 2004-ல் நிமிஷத்துக்கு ரூ.4.25 தனி வரி மாதிரி வாங்கினார்கள். அன்றைய கணக்கில் ஒன்பது சென்ட்டுக்கு மேல். கிராமத்து லேண்ட்லைன்களில் வரும் நஷ்டத்தை ஈடுகட்ட என்று காரணம். அதாவது, சேத்தூர் போனுக்கு வரும் காலில் வாங்கி சேத்தூர் எக்ஸ்சேஞ்சையே காப்பாற்றுகிற ஏற்பாடு. கேட்க நியாயமாக இருக்கிறது. நடந்தது என்ன? வரியைத் தப்பிக்கத் திருட்டு எக்ஸ்சேஞ்சுகள் முளைத்தன. இன்டர்நெட்டில் குரலை வரவழைத்து, ஒரு ரூமில் அடுக்கின சிம் கார்டுகள் வழியாக லோக்கல் கால் மாதிரித் தள்ளிவிடுவார்கள். பிள்ளை பேசுவது அட்லாண்டாவிலிருந்து, திரையில் தெரிவது ஏதோ உள்ளூர் மொபைல் நம்பர். வரி படிப்படியாகக் குறைந்து 2008 செப்டம்பரோடு ஒழிந்தது. 2009-ல் வானேஜ் கம்பெனி மாசம் 24.99 டாலருக்கு இந்தியா உட்பட அறுபது சொச்சம் நாடுகளுக்கு அளவில்லாமல் பேசலாம் என்றது. வரி ஒழிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இப்படி டப்பாவும் திட்டமும். துபாயில் கட்டட வேலைக்குப் போனவனுக்கு? ஐக்கிய அரபு அமீரகத்தில் லைசென்ஸ் இல்லாத இன்டர்நெட் பேச்சுக்கே தடை. டப்பா மாட்டினால் குற்றம். வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது. 2018-ல் பாட்டிம் மாதிரி அனுமதி பெற்ற ஆப்களுக்கு மொபைலில் மாசம் 50 திர்ஹாம் சந்தா வைத்தார்கள். வி.பி.என். போட்டுக் குற்றம் செய்தால் அபராதம் ஐந்து லட்சம் திர்ஹாமிலிருந்து ஆரம்பம். சவுதி 2017-லேயே தடையைத் தளர்த்திவிட்டது. ஆக, இந்த மலிவுப் புரட்சியில் அதிகம் சம்பாதிப்பவன் குறைவாகக் கொடுத்தான், குறைவாகச் சம்பாதிப்பவன் அதிகமாகக் கொடுத்தான்.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைப் பாராட்டியாக வேண்டும். இந்த டப்பாக்கள் பழைய போனை விட்டுவைத்தன. பாட்டி ரிசீவரை எடுத்தால் பேசலாம். பாஸ்வேர்ட் இல்லை, அப்டேட் இல்லை, பச்சையைத் தள்ளவா சிவப்பைத் தள்ளவா என்ற குழப்பம் இல்லை. 2015-ல் வாட்ஸ்அப் காலும் பின்னால் மலிவு டேட்டாவும் வந்து டப்பாவுக்கு வேலையில்லாமல் பண்ணிவிட்டன. ஸ்கைப்பே 2025 மே மாசம் கடையைக் கட்டிவிட்டது. காசுப் பிரச்னை தீர்ந்தது. ஆனால், கண் மங்கின, விரல் நடுங்குகிற எண்பது வயசுக்காரிக்கு வழவழவென்ற கண்ணாடியைக் கையில் கொடுத்திருக்கிறோம். இப்போது அவளாக யாரையும் கூப்பிடுவதில்லை. பேத்தி ஸ்கூல் விட்டு வந்து போட்டுக் கொடுத்தால் பேசுகிறாள்.

ஊரில் ஃபைபர் இணைப்பு எடுத்திருந்தால் அதிலேயே ஒரு சாதாரண போனை மாட்ட இடம் உண்டு. பெரிய பட்டன் வைத்த போனாகப் பார்த்து மாட்டிக் கொடுங்கள். ஃபைபரில் 48 வோல்ட் வராது. கரண்ட் போனால் போனும் போகும். அதற்கு மினி யு.பி.எஸ். என்று 12 வோல்ட்டில் ஒன்று விற்கிறார்கள், மேஜிக்ஜாக் விலையைவிடக் குறைவு. லீவு முடிந்து கிளம்புவதற்கு முன்னால், ஒரு தடவை மெயினை அணைத்துவிட்டு மணி அடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.