குளியலறைக்குள் ஓர் ஊட்டி

ஆனந்தத்துக்கு ரெசிபி உண்டா என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: ஆப்பசோடா ஒரு கப், சிட்ரிக் ஆசிட் அரை கப், கார்ன்ஃபிளார் அரை கப், மேலே ஒரு டீஸ்பூன் நீலகிரித் தைலம். அவ்வளவுதான்! இதைப் பிடித்துக் காயவைத்தால் ஷவர் ஸ்டீமர். குளிக்கும்போது ஒன்றைத் தரையோரம் வைத்தால், வெந்நீர்ச் சாரல் பட்டதும் சுர்ரென்று நுரைக்கும். கரையக் கரைய வாசனை ஆவியோடு ஏறி அறையை நிரப்பும். பூச வேண்டாம், தேய்க்க வேண்டாம். நின்று மூச்சை இழுத்தால் போதும். அடடா, அந்த முதல் மூச்சு!

நுரைக்குக் காரணம் பள்ளிக்கூட வேதியியல்தான். அமிலமும் சோடாவும் காய்ந்திருக்கும்வரை சாதுவாகக் கிடக்கும். தண்ணீர் பட்டால் பொங்கிக் கரியமில வாயுவை விடும். அந்தக் குமிழிகள் கட்டியை உடைத்து உடைத்துத் தைலத்தை வெளியே தள்ளுகின்றன. மீதி வேலையை வெந்நீரின் சூடு பார்த்துக்கொள்கிறது. ஆகவே தயவுசெய்து பச்சைத் தண்ணீரில் இதை வீணடிக்காதீர்கள்!

தைலம் என்றால் எனக்கு முதலில் நீலகிரித் தைலம்தான். ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் மரம் 1843இல் நீலகிரிக்கு வந்தது. விறகுக்காக நட்ட மரம், இன்று ஊட்டிக் கடைத்தெருவில் பாட்டில் பாட்டிலாக மணக்கிறது. இலையை ஆவியில் காய்ச்சி இறக்கும் அந்த எண்ணெயின் பெரும்பகுதி சினியோல் என்ற ஒரே பொருள். சட்டென்று ஆவியாகும் என்பதால் ஷவருக்கென்றே பிறந்ததுபோல ஏறுகிறது. வெட்டிவேர் எண்ணெய்க்கு நேர்மாறான குணம். கெட்டியானது, மெதுவாகத்தான் மணம் விடும். தனியாகப் போட்டால் குளித்து முடிக்கும்வரை எட்டிக்கூடப் பார்க்காது. நீலகிரியோடு நாலு சொட்டு சேர்த்துப் பாருங்கள், மண்வாசனையாக அடியில் நிற்கும்.

என் ரகசிய ஆயுதம் நாட்டு மருந்துக் கடைப் புதினா உப்பு. மெந்தால்தான். கால் டீஸ்பூன் எடுத்துத் தைலத்தில் போட்டுக் கலக்கினால் கரைந்துவிடும். அதற்கு மேல் போட்டால் கண் எரியும். மெந்தால் மூக்கடைப்பை உண்மையில் திறப்பதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தொட்டு, காற்று தாராளமாகப் போகிறது என்று மூளையை நம்பவைக்கிறது. அந்தக் குளிர் உணர்வியை மெந்தாலை வைத்தே கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஏமாற்றுதான், ஆனால் நோபல் தரத்து ஏமாற்று! மழைக்காலத்தில் தலை பாரமாக எழும் காலையில் எனக்கு அது போதும்.

இனி செய்முறை. உலர்ந்த பாத்திரத்தில் மூன்று பொடிகளையும் கட்டியில்லாமல் சலித்துக்கொள்ளுங்கள். தைலத்தைத் துளித்துளியாக விட்டு விரலால் தேய்த்துக் கலக்குங்கள். கைக்கு உறை அவசியம். அடுத்ததுதான் கைப்பக்குவம். புட்டுக்கு மாவு பிசிறுவது போலப் பிசிற வேண்டும்: பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் தெளித்தால் அங்கேயே நுரைக்கத் தொடங்கிவிடும். அதனால் ஸ்ப்ரே பாட்டிலில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலை ஊற்றிப் புகைபோலத் தெளிப்பேன். அடுப்பு எரியும் இடத்தில் அல்ல, ஜன்னலோரம். பிறகு சிலிகான் ஐஸ் ட்ரேயின் குழிகளில் வைத்து, கட்டைவிரலால் அழுத்து அழுத்தென்று அழுத்த வேண்டும். தளர்வாக விட்டால் நொடியில் கரைந்து போகும்.

ஒரு முழு நாள் காயட்டும். சென்னைக் காற்றின் ஈரமே இதற்கு எமன், ஆகையால் காய்ந்ததும் மூடி இறுகிய டப்பாவுக்குள் போட்டுவிட வேண்டும். மருந்து பாட்டில்களில் வரும் சிலிகா ஜெல் பொட்டலத்தை இப்போதெல்லாம் நான் தூக்கிப்போடுவதே இல்லை.

வைக்கும் இடத்திலும் சூட்சுமம் உண்டு. ஷவருக்கு நேர் கீழே வைக்காதீர்கள். சாரல் மட்டும் எட்டும் மூலையில் வையுங்கள். அப்போதுதான் குளியல் முடியும்வரை மணம் நீடிக்கும். வாளிக் குளியல்காரர்களும் ஏமாற வேண்டியதில்லை. ஒரு பழைய மக்கில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, கால் படாத மூலையில் வைத்து ஒன்றைப் போடுங்கள். நொச்சி இலை போட்டு வேது பிடித்தவர்களுக்கு இந்தச் சுகம் சொல்லாமலே புரியும்.

வாசனையில் விளையாட எல்லையே இல்லை! திங்கட்கிழமைக்கு எலுமிச்சைப்புல்லும் ரோஸ்மேரியும்; முதல் மூச்சிலேயே தூக்கம் ஓடும். இரவுக் குளியலுக்கு லாவெண்டர் மட்டும். விருந்தாளி வருகிறார்கள் என்றால் ஆரஞ்சும் ஒரு சொட்டு கிராம்பும். பொடி அதேதான், தைலம் மாறினால் அறையே மாறுகிறது.

சில கட்டுப்பாடுகள் மட்டும் வேண்டும். கைக்குழந்தைகள் குளிக்கும்போது நீலகிரியும் மெந்தாலும் கூடவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் பூனை இருந்தால் கதவைச் சாத்துங்கள். குழந்தைகள் மிட்டாய் என்று எடுத்து வாயில் வைத்துவிடாதபடி டப்பாவை மேல் அலமாரியில் வையுங்கள். குளித்ததும் தரையைக் கழுவிவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு வழுக்கும்.

கடையில் அழகான பெட்டியில் போட்டு விற்கிறார்கள், விலையும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என்ன வாசனை, எவ்வளவு காரம் என்பதை அங்கே வேறு யாரோ முடிவு செய்திருப்பார்கள். என் மூக்குக்கு எது பிடிக்கும் என்று என் மூக்குக்குத்தானே தெரியும்! ஆப்பசோடா வீட்டில் இருக்கிறதா? சிட்ரிக் ஆசிட் மட்டும் வாங்கிவிட்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்கள். திங்கட்கிழமை காலை, குளியலறைக் கதவை யாராவது வந்து தட்டினால்தான் வெளியே வருவீர்கள்.