ஸ்கேனர் சொல்லும் மைக்ரான்

வாய்க்குள் ஸ்கேனர் வைத்து அளவெடுத்துக் கட்டும் பல், மாவு வைத்து அளவெடுத்துக் கட்டுவதைவிடத் துல்லியமானது என்ற பேச்சு பல் மருத்துவ விளம்பரங்களில் கேள்வியின்றி ஓடுகிறது. எந்தப் பல், எத்தனை பல், எப்படிப்பட்ட வாய் என்று கேட்காதவரை அந்தப் பேச்சுக்குப் பொருளில்லை. 2023-இல் 50 இடங்களோடு அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட பிறகு, புதுக்கோட்டைக்கு இது பாடம் நடத்தும் கேள்வியாகவும் ஆகிவிட்டது.

ஒற்றைப் பல்லுக்குக் கேப் போடுவதில் ஸ்கேனரைக் குறைசொல்ல அதிகம் இல்லை. 1985-இல் சூரிச்சில் மோர்மனும் பிராண்டெஸ்டினியும் வாய்க்குள் ஸ்கேன் செய்யும் தங்கள் கருவியால் முதல் பல் அடைப்பைச் செய்தபோது இருந்த சந்தேகங்கள் இன்று தீர்ந்துவிட்டன. ஆல்ஜினேட் என்ற மாவில் எடுத்த அச்சு ஈரம் இழந்தால் சுருங்கும். இதே மாவட்டத்து மணமேல்குடியில் எடுத்த அச்சு சித்திரை வெயிலில் வெளியூர் லேபுக்குப் போய்ச் சேருவதற்குள் அளவு மாறியிருக்கும். ஸ்கேன் கோப்பு மாறாது. ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒரு தந்திரம் இருக்கிறது. கேப்புக்கு முறையாக அளவெடுப்பவர்கள் ஆல்ஜினேட்டை நம்புவதில்லை, சிலிக்கான் ரப்பரைத்தான் எடுப்பார்கள். அது நாள்கணக்கில் வடிவம் மாறாமல் நிற்கும். அதோடு நிறுத்துப் பார்த்தால் ஒற்றைப் பல்லில் இரண்டும் ஏறத்தாழச் சமம்.

பல் எண்ணிக்கை கூடும்போதுதான் கணக்கு மாறுகிறது. ஸ்கேனர் தாடை முழுவதையும் ஒரே பார்வையில் பார்ப்பதில்லை. துண்டு துண்டாகப் படமெடுத்து, ஒன்றின் ஓரத்தை அடுத்ததன் ஓரத்தோடு பொருத்திக்கொண்டே போகிறது. சங்கிலி போட்டு நிலம் அளப்பவருக்கு ஒவ்வொரு போடலிலும் சேரும் சிறு பிசகுபோல, ஒரு கடைவாய்ப் பல்லில் தொடங்கி மறுகோடிக்குப் போவதற்குள் பிழை திரண்டுவிடும். பல்லே இல்லாத ஈறு இன்னும் சிக்கல்: ஒட்டிப்பார்க்க அடையாளமில்லாத வழவழப்பு, தொட்டால் அசையும் சதை. முழு பல் செட்டுக்கு வரும் முதியவர்களின் வாய் இப்படித்தான் இருக்கும். அங்கே கையால் அச்சின் ஓரத்தை உருவாக்கத் தெரிந்த மருத்துவருக்கு இன்னும் மாற்று வரவில்லை.

துல்லியம் என்ற எண்ணையும் சற்றுச் சந்தேகிக்க வேண்டும். பல்லுக்கும் கேப்புக்கும் இடையே 120 மைக்ரான் வரை இடைவெளி இருக்கலாம் என்று 1971-இல் மக்லீனும் ஃபான் ஃபிரான்ஹோஃபரும் வைத்த எல்லையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஸ்கேனர்கள் அதற்குள் நிற்பதாகக் காட்டும் ஆய்வுகளில் பெரும்பாலானவை மேசைமேல் வைத்த உலர்ந்த மாதிரிகளில் செய்தவை. அங்கே எச்சில் ஊறாது, ஈறு கசியாது, நாக்கு குறுக்கே வராது. வாயிலோ, செதுக்கிய பல்லின் விளிம்பு ஈறுக்குள் இறங்கியிருந்தால் ஒளி அங்கே எட்டாது. மெல்லிய நூலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே செருகி, ஈறைச் சற்று ஒதுக்கி, ரத்தத்தை நிறுத்தினால்தான் விளிம்பு தெரியும். அந்த வேலை சரியில்லையென்றால் எந்தக் கருவியும் உதவாது. ரப்பர் அச்சில் குமிழோ கிழிசலோ பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். ஸ்கேனர் மென்பொருளோ சிறு ஓட்டைகளைத் தானே நிரப்பி அழகாக்கிவிடும். ஊகித்து நிரப்பிய இடம் அளந்த இடம்போலவே திரையில் தெரியும். எனக்கு இதுதான் பெரிய கவலை.

திரையில் பெரிதாக்கிப் பார்த்து, விடுபட்ட இடத்தை அப்போதே மறுபடி எடுக்கலாமே என்பார்கள். உண்மை, வாந்தி வராமல் மாவை வாயில் வைத்திருக்க முடியாதவர்களுக்கும் இது வரம். ஆனால் பெரிதாக்கினாலும் விளிம்பு எப்படி இருக்கவேண்டும் என்று தெரிந்த கண்ணுக்குத்தான் குறை தெரியும். மென்பொருள் ஆண்டுதோறும் மேம்படுகிறது என்ற வாதமும் சரிதான்; அப்படியானால் பழைய பதிப்பில் வந்த முடிவைப் புதியதற்கும், புதியதன் பெருமையைக் கிளினிக்கில் கிடக்கும் பழையதற்கும் பொருத்தக்கூடாது.

எப்படி அளவெடுத்திருந்தாலும் முடிந்த கேப்பைச் சோதிக்க மலிவான வழி ஒன்று உண்டு. உள்ளே சிறிது இளகிய சிலிக்கானைப் பூசிப் பல்லில் அழுத்தி, இறுகியதும் கழற்றினால் இடைவெளியின் வடிவத்திலேயே ஒரு படலம் கிடைக்கும். விளிம்பில் அது தடித்திருந்தால் சிமெண்ட் வைத்து ஒட்டக்கூடாது. புதுக்கோட்டைக் கல்லூரியில் ஒவ்வொரு மாணவரும் ஸ்கேன் செய்த கேப்புக்கும் ரப்பர் அச்சில் செய்த கேப்புக்கும் இந்தப் படலத்தை எடுத்து, தடிமனைக் குறித்துவைத்தால், விளம்பரத்தின் மைக்ரானுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்த ஊர் வாய்களிலேயே எடுத்த எண் ஒன்று கிடைக்கும்.