தொடர்ச்சியும் தரமும்: ‘டொக்டர் ஹூ’ பற்றிய ஒரு குறிப்பு

பி.பி.சி. 1963இல் தொடங்கிய ‘டொக்டர் ஹூ’ எனும் விஞ்ஞானப் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் இரசிகர்கள், முன்னர் கூறப்பட்டதற்குப் பின்னர் கூறப்படுவது முரணாகலாமா என ஓயாது விவாதிக்கின்றனர். தொடர்ச்சியே தரம் எனும் எடுகோள் இவ்விவாதத்தினுள் மறைந்துள்ளது. தொடரின் வரலாறு அதற்குச் சான்று பகரவில்லை. டொக்டர் உருமாறிப் புதியவராதல் எனும் உத்தியே, 1966இல் நடிகர் வில்லியம் ஹார்ட்னெல்லின் உடல்நலம் குன்றியதால் நேர்ந்த ஏற்பாடு. உருமாற்றம் பன்னிரு முறையே எனும் விதியை வகுத்த 1976ஆம் ஆண்டுக் கதையோ, காலத் தலைவர்கள் எனும் அவரது இனத்தாரைச் சித்திரித்த முறைக்காக இரசிகர் சங்கத் தலைமையின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பின்னர் இரசிகர்கள் காத்துநின்ற மரபு அக்கதை தந்ததுதான்!

ஹார்ட்னெல்லுக்கு முன்பும் டொக்டருக்குப் பல பிறவிகள் இருந்தன என 2020இல் கூறப்பட்டபோது, முதலாமவர் யார் எனும் கணக்கே பெரிதாயிற்று. என் கருத்தில் அக்கதையின் கோளாறு பிறிதோரிடத்தில் உள்ளது. 1969இல் டொக்டர், தீமையைக் கண்டும் தலையிடாத தம் இனத்தாரைச் சாடி, அவ்வாழ்வில் சலித்து வெளியேறியவராகக் காட்டப்பட்டார்; சாதாரணர் ஒருவரின் தெரிவு அது. 2020இல் அவர் அவ்வினத்தின் உருமாறும் ஆற்றலுக்கே மூலமான அபூர்வக் குழந்தையாகிறார். கலகக்காரரின் பெருமை பிறப்பின் பெருமையாகிவிட்டது. இதனைச் சுட்டிய இரசிகர் சிலரின் குரல் கணக்குத் தகராற்றில் அமிழ்ந்துபோயிற்று.