அளவெடுத்த அக்கிரகாரம், அளவெடுக்காத காட்டூர்

கட்டடக்கலை படிக்கும் ஒரு மாணவருக்குத் திருச்சியைச் சுற்றிக் கிடைக்கும் பாடப்பொருள், தமிழ்நாட்டின் வேறோர் ஊரில் இத்தனை நெருக்கத்தில் கிடைக்குமா என்பது சந்தேகம்தான். மலைக்கோட்டையில் மகேந்திரவர்ம பல்லவனின் குடைவரை இருக்கிறது. திருவெறும்பூர்க் குன்றின்மேல் முற்காலச் சோழர் கோயில். காவிரிக்கு அப்பால் ஏழு சுற்றுகளும் 21 கோபுரங்களுமாய் 156 ஏக்கரில் திருவரங்கம். 1766-இல் ஷ்வார்ட்ஸ் பாதிரியார் எழுப்பிய கிறிஸ்து ஆலயம், 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு இடம்பெயர்ந்த ரயில்வே பணிமனையும் அதன் குடியிருப்பும், 1960-களின் பெல் தொழிற்சாலையும் கைலாசபுரம் நகரியமும். இவற்றுக்கு எட்டும் தூரத்தில், துவாக்குடியில், 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய தேசிய தொழில்நுட்பக் கழகம். அங்கே கட்டடக்கலைத் துறை 1980-இல் வந்தது.

ஐந்தாண்டுப் படிப்பில் ஆய்வு என்று சொல்லத்தக்கவை மூன்று. பழைய கட்டடம் ஒன்றை அளந்து வரைவது முதலாவது. மாணவர் பேச்சில் அது ‘மெஷர்டு டிராயிங்’. எழுத்தில் அமையும் ‘டிசர்டேஷன்’ இரண்டாவது. கடைசி ஆண்டில் ஒரு பெரிய வளாகத்தை வடிவமைக்கும் ‘தீசிஸ்’ மூன்றாவது. மதிப்பெண்ணும் மரியாதையும் மூன்றாவதற்கே போகின்றன. மாநாட்டு மையம், பேருந்து முனையம், சொகுசு விடுதி என்று தலைப்புகள் ஆண்டுதோறும் சுற்றிச்சுற்றி வருகின்றன. ஊருக்கு மிஞ்சுவது முதலாவதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

திருவரங்கத்துச் சித்திரை வீதியிலோ உத்தர வீதியிலோ ஒரு பழைய வீட்டை அளப்பதை எடுத்துக்கொள்வோம். தெருவைப் பார்த்த முகப்பு குறுகல். வீடு உள்ளே நீண்டுகொண்டே போகும். திண்ணை, ரேழி, முற்றத்தோடு கூடிய கூடம், சமையற்கட்டு, கிணற்றடி, கொல்லை. இருபுறமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய பொதுச் சுவர் என்பதால் அதன் கனத்தை நேராக அளக்க வழியில்லை. உள்ளே ஒவ்வோர் அறையின் அகலத்தையும் எடுத்து, தெருவில் முகப்பின் முழு அகலத்தை எடுத்து, கழித்துப் பார்த்துத்தான் பிடிக்கவேண்டும். அப்படியும் கணக்கு உதைக்கும். அறைகள் சதுரமாக இரா. மூலைக்கு மூலை டேப் பிடித்தால்தான் கோணல் தெரியும். அந்தக் கோணல் கொத்தனாரின் பிழையாக இருக்கலாம்; பாகப்பிரிவினையில் இடையே சுவர் வைத்த கதையாகவும் இருக்கலாம். தளத்தை அண்ணாந்து பார்த்தால் தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவசத்தில் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் பதித்த மெட்ராஸ் டெரஸ். ஓர் அறையில் மட்டும் கான்கிரீட் இருந்தால் அந்தக் கட்டையை எப்போது கரையான் தின்றது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்கவேண்டியிருக்கும். அவர் சொல்லும் பதிலிலிருந்துதான் வரலாறு தொடங்குகிறது. சுவரை அளக்கப் போன பிள்ளைகள் குடும்பத்தையும் அளந்துகொண்டு வருகிறார்கள். எந்த வகுப்பறையிலும் இதைக் கற்பித்துவிட முடியாது.

இந்த வேலைக்கு இங்கே நல்ல முன்னோடிகள் உண்டு. தஞ்சையில் பிறந்து பெங்களூரில் நீதிபதியாக இருந்த ராம் ராஸ், சிற்ப நூல்களின் சுவடிகளைத் தேடிச் சேர்த்து, அவற்றின் பொருளைத் தஞ்சைச் சிற்பி ஒருவரின் துணையோடு விடுவித்து, இந்துக் கட்டடக்கலை பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் மறைவுக்குப்பின் 1834-இல் அது லண்டனில் அச்சானது. சுவடியில் இருந்த சொல்லுக்குக் கைத்தொழிலாளியிடம் பொருள் கேட்ட முறை அதில் முக்கியம்.

எண்பது ஆண்டு கழித்துப் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் அதே வழியில் போனார். அப்போது வேலையில் இருந்த தமிழ்ச் சிற்பிகளிடம் உறுப்புகளின் பெயர்களைக் கேட்டறிந்தார். பிறகு கோயில் கோயிலாகப் போய்த் தூணுக்குமேல் உத்திரத்தைத் தாங்கும் போதிகையின் உருவம் காலத்துக்குக் காலம் மாறுவதைக் கவனித்தார். பல்லவர் குடைவரைகளில் அலைபோல் சுருண்ட தரங்கப்போதிகை, சோழர் காலத்தில் சாய்வாக வெட்டி நடுவே முனை நீட்டிய வெட்டுப்போதிகை, விஜயநகர நாயக்கர் காலத்தில் பூமொட்டு கீழ்நோக்கித் தொங்கும் போதிகை. கல்வெட்டே இல்லாத மண்டபத்துக்கும் ஏறக்குறைய வயது சொல்ல இந்த ஓர் உறுப்பு போதும் என்று அவர் காட்டிய நூல் 1914-இல் பாரிசில் வந்தது. அவர் காட்டிய வரிசையை இன்று ஒரு மாணவர் ஒரே நாளில், திருச்சி நகரப் பேருந்தில் ஏறி இறங்கியே, கண்ணால் பார்த்துவிடலாம்.

திருவரங்கத்தைப் பற்றியும் அடித்தளம் வலுவாகவே இருக்கிறது. வி.என். ஹரிராவ் அக்கோயிலின் கலையையும் கட்டடத்தையும் பற்றி எழுதிய நூல் 1967-இல் வந்தது. 1969-இல் ழானின் ஒபுவாயே எழுதியதை யுனெஸ்கோ வெளியிட்டது. பிற்காலச் சேர்க்கைகளை அகற்றிப் பழைய மழைநீர் வழிகளை மீட்ட திருப்பணிக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது.

திருச்சிக்குள்ளேயே இன்னொரு பள்ளி இருக்கிறது. கண் மருத்துவரான இரா. கலைக்கோவன் நடத்திவரும் டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையம் சோழர் தளிகளையும் குடைவரைகளையும் பல்லாண்டுகளாக உறுப்பு உறுப்பாகப் பதிவு செய்கிறது. ‘வரலாறு’ என்ற ஆய்விதழையும் கொண்டுவருகிறது. உருள்குமுதமா, எண்பட்டைக் குமுதமா, கண்டத்தில் பாதங்கள் எத்தனை என்று தாங்குதளத்திலிருந்து விமானத்தின் உச்சிவரை தமிழில் சொல்லிச் செல்லும் எழுத்து அது. ஆனால் அந்தப் பதிவுகளில் அளவு வரைபடம் குறைவு. கட்டடக்கலை மாணவர்களின் தாள்களிலோ வரைபடம் நிறைய இருக்கும், கல்வெட்டு இராது. தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை ஒவ்வொன்றும் நூலிலிருந்து எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று மில்லிமீட்டரில் குறிக்கத் தெரிந்த பிள்ளையும், அதே பட்டிகையில் ஓடும் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவரும் திருவெறும்பூர் மலைக்கோயிலில் ஒரு வாரம் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன வரும் என்று நினைக்கும்போதே ஆசையாக இருக்கிறது.

இந்தப் பிளவுக்குக் கல்வி முறையில் வேர் உண்டு. சென்னையில் இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கட்டடக்கலைப் பள்ளி தோன்றியதும், மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி தோன்றியதும் ஒரே 1957-இல். ஒன்று நவீனக் கட்டடக் கலைஞர்களை உருவாக்கியது, மற்றது ஸ்தபதிகளை. மாமல்லபுரத்துக்கு நீண்டகாலம் முதல்வராக இருந்த கணபதி ஸ்தபதிதான் பின்னாளில் குமரிமுனையில் 133 அடி வள்ளுவரை நிறுத்தினார். 1972-ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர் சட்டம் வந்தபின் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டப்பெயர் பதிவு பெற்றவர்களுக்கே உரியதாயிற்று. ஒரே நாட்டின் கட்டடக்கலை இரண்டு கூரைகளுக்குக் கீழே வளர்ந்தது. ஒரு பக்கத்து மாணவர் மறுபக்கத்தில் ஒரு பருவம் கட்டாயமாகப் படிக்கும் ஏற்பாடு இன்றும் வேண்டியிருக்கிறது.

அளந்ததை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு இலங்கை நல்ல பாடம். 1960-களில் பார்பரா சன்சோனி, உல்ரிக் பிளெஸ்னர், இஸ்மத் ரஹீம், லாக்கி சேனநாயக்க ஆகியோர் தீவின் பழைய வீடுகளையும் விகாரைகளையும் அம்பலங்களையும் வரைந்து தொகுத்தார்கள். நூலாக வர 1998 ஆயிற்று. ஆனால் அந்தக் கோடுகள் அதற்கு வெகுமுன்பே கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவைச் சுற்றியிருந்த வட்டத்தில் முற்றமாகவும் தாழ்வாரமாகவும் மாறிவிட்டன. இங்கேயும் கூறுகள் இருக்கின்றன. நாகப்பட்டினக் கடலோர மரபு வீடுகளில் கருவி வைத்து வெப்பமும் காற்றும் அளந்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. முற்றம் குளிர்ச்சி தரும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட, எந்த மணிக்கு எத்தனை டிகிரி குறைகிறது என்று காட்டும் வகை ஆய்வுகள் புதிய வீடு கட்டுபவருக்கும் பயன்படும்.

என்னை வருத்துவது தாள்கள் போய்ச்சேரும் இடம். ரோமுக்கு அனுப்பப்பட்ட பிரெஞ்சு மாணவர்கள் இடிபாடுகளை அளந்து பாரிசுக்கு அனுப்பிய தாள்கள் அங்கே கலைப்பள்ளியில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. அமெரிக்காவில் 1983 முதல் வழங்கப்படும் பீட்டர்சன் பரிசுக்கு மாணவர்கள் தரும் அளவு வரைபடங்கள் நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடைக்கின்றன. இந்தியாவிலும் கட்டடக்கலை மாணவர் சங்கமான ‘நாசா’, மரபுக் கட்டடங்களை ஆவணப்படுத்துவதற்கு லூயி கான் பெயரில் கோப்பை வைத்திருக்கிறது. அதற்காகக் கண்விழித்து வரையும் பிள்ளைகள் செய்யும் வேலை அபாரமானது. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ‘ஷோத்கங்கா’ என்ற மின்களஞ்சியம் உண்டு. இளநிலை மாணவர் வரைந்த வீட்டுக்கு அப்படி ஒரு பொது இடம் இல்லை. மதிப்பிடும் ‘ஜூரி’ முடிந்ததும் தாள் கல்லூரி அலமாரிக்கும் கோப்பு யாரோ ஒருவரின் மடிக்கணினிக்கும் போகின்றன. சித்திரை வீதியில் வீடு இடிந்து அடுக்குமாடி எழும்போது, அதன் ஒரே வரைபடம் அந்த மடிக்கணினியில் இருக்கலாம். திருச்சி மாவட்டத்தில் அளக்கப்பட்ட கட்டடங்களின் வரைபடங்களில் ஒரு படி மாவட்ட மைய நூலகத்தில் சேர்ந்தாலே பாதிக் குறை தீரும். வீட்டுக்காரருக்கும் ஒரு படி போகவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். துவாக்குடியிலிருந்து திருவரங்கத்துக்கு அளவெடுக்கப் போகும் பேருந்து காட்டூர் வழியாகத்தான் போகிறது. அங்கே யாரும் டேப்போடு இறங்குவதில்லை. தஞ்சைச் சாலையின் இருபுறமும் பெல்லும் அதைச் சார்ந்த பட்டறைகளும் வளர வளரப் பெருகிய ஊர் அது. அங்கே வீடுகளை மேஸ்திரிகளும் இன்ஜினியர்களும் சேர்ந்து கட்டுகிறார்கள். முதலில் தரைத்தளம், மாடிக்கு வாடகைக்காரர் தனியாக ஏறிப்போக வெளிப்படிக்கட்டு, அடுத்த மாடிக்குக் காசு சேரும்வரை மொட்டைமாடியில் நீட்டி நிற்கும் தூண் கம்பிகள். சாலையோரம் என்றால் முன்னறையில் ஷட்டர் போட்டுக் கடை. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை அணுகுசாலை வேண்டும் என்று ஒரு சாராரும், அதற்கு நிலம் போனால் பிழைப்புப் போகும் என்று வணிகரும் நெடுங்காலம் வழக்காடிய சாலை அது. அகலப்படுத்தினால் எந்தக் கடை எத்தனை அடி இழக்கும், பின்னால் இருக்கும் வீடு அதைத் தாங்குமா என்பதற்கு முகப்பு முகப்பாக எடுத்த வரைபடம் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

மனையடி சாஸ்திரத்தையும் அங்கே ஆராயலாம். அறைக்கு எத்தனை அடி ஆகும், எத்தனை அடி ஆகாது என்ற பட்டியல் பஞ்சாங்கத்திலேயே அச்சாகிறது, மேஸ்திரிக்கு மனப்பாடம். ராம் ராஸ் சுவடியில் படித்த வகை விதிகளின் இன்றைய உருவம் அது. காட்டூரில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, நூறு அறைகளை உள்ளளவாக அளந்து, பட்டியல் சொல்லும் அளவு எத்தனை அறையில் நிற்கிறது, மனையின் அகலமும் வங்கிக் கடனும் எந்த அறையில் அதை மீறின என்று ஒரு மாணவர் குறித்துவந்தால், அதுவே முழு ஆய்வேடு. பூசுக்கு முன்னா பின்னா என்று மேஸ்திரியிடம் முதலில் கேட்டுக்கொள்ளவேண்டும். இருபுறப் பூச்சில் ஓர் அங்குலம் மாறும்.