கிறிஸ்டோபர் தெருவின் பகல்

சுனில் குப்தா 1976-இல் நியூயார்க்கின் கிறிஸ்டோபர் தெருவில் எடுத்த படங்களில் ஒன்றுமே நடப்பதில்லை. மீசை வைத்த ஓர் ஆள் நடைபாதையில் நம்மை நோக்கி வருகிறார். இறுக்கமான ஜீன்ஸ், உடம்போடு ஒட்டிய டி-ஷர்ட். பின்னால் கடைகள், கார்கள். அவ்வளவுதான். ஆனாலும் தெருப் புகைப்படக் கலையில் உனக்குப் பிடித்த தொகுப்பு எது என்று யாராவது கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

2019 கோடையில், ஸ்டோன்வால் எழுச்சியின் ஐம்பதாம் ஆண்டு பிரைடு கொண்டாட்டத்துக்காக நியூயார்க் எங்கும் வானவில் கொடிகள் பறந்தபோது, ஹேல்ஸ் காட்சிக்கூடத்தின் சுவரில் இந்தக் கருப்பு வெள்ளைப் படங்கள் இருந்தன. அதே கோடையில் நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் ஃபிரெட் மெக்டாராவின் படங்களும் காட்சிக்கு இருந்தன. மெக்டாரா 'வில்லேஜ் வாய்ஸ்' இதழின் புகைப்படக்காரர். 1969 ஜூனில் கிறிஸ்டோபர் தெருவிலுள்ள, தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் மதுக்கூடத்தைப் போலீஸ் சோதனையிடப்போய்க் கலவரம் வெடித்தது. அதையொட்டி அந்தக் கூடத்தின் முன்னால் கூடி நின்ற இளைஞர்களை மெக்டாரா எடுத்த படம் இன்று வரலாற்றுச் சான்று. செய்திப் படத்துக்கு உரிய பெருமையெல்லாம் அதற்கு உண்டு. குப்தாவின் படங்களில் அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு சம்பவம் கிடையாது. கலவரம் நடந்து ஏழு வருடம் கழித்து, அதே தெருவில், வார இறுதியில் ஆண்கள் சும்மா நடக்கிறார்கள். அப்படிச் சும்மா நடப்பதற்காகத்தான் அத்தனை பேர் அடி வாங்கினார்கள்.

குப்தா 1953-இல் டெல்லியில் பிறந்தவர். 1969-இல் குடும்பத்தோடு மான்ட்ரியலுக்குக் குடிபெயர்ந்தார். நியூயார்க்குக்கு வந்தது வணிக மேலாண்மை படிக்க. அதைக் கைவிட்டு, நியூ ஸ்கூலில் லிசெட் மாடலிடம் புகைப்படம் கற்றார். புகைப்படக் கலைஞர் டயான் ஆர்பஸின் ஆசிரியையும் இதே மாடல்தான். பிரான்ஸின் நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில் சொகுசாகச் சாய்ந்திருந்த பணக்காரர்களை நேருக்கு நேர் நின்று எடுத்தவர் அவர். நேரே போய் நிற்கும் துணிச்சலைச் சீடர் அப்படியே எடுத்துக்கொண்டார், ஆசிரியையின் காரத்தை மட்டும் விட்டுவிட்டார். மாடலின் கண் தோலை உரிக்கும். குப்தாவின் கண் ஆசையோடு பார்க்கும்.

அந்த ஆசைதான் இந்தத் தொகுப்பின் உயிர். தெருப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒளிந்து நின்று எடுப்பார்கள். எடுக்கப்படுகிறவருக்குத் தெரிந்துவிட்டால் படம் கெட்டது என்பது அவர்கள் கணக்கு. இங்கே தெரிந்துவிடுவதுதான் படமே. துணை தேடி ஆண்கள் உலாவிய தெரு அது. குப்தாவும் அப்படி உலாவியவர்களில் ஒருவர், கையில் கேமரா இருந்தது என்பதுதான் வித்தியாசம். இரண்டு பேர் சேர்ந்து வரும் ஒரு படத்தில் யார் கேமராவைக் கவனிக்கிறார், யார் கவனிக்கவில்லை என்று பாருங்கள். அந்த இருவருக்கும் நடுவே என்ன உறவு என்று மனம் தானாக ஊகிக்கத் தொடங்கிவிடும். கேமராவைப் பார்க்கிறவரின் முகத்தில் 'இவனும் நம்மாள்தானா?' என்ற கேள்வி ஓடுகிறது. கோபமில்லை, பயமுமில்லை. இரவுக் கூடங்களின் அரையிருட்டிலேயே ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டிருந்தவர்கள், வெயிலில் நின்று அந்தக் கேள்வியைக் கண்ணாலேயே கேட்கிறார்கள்.

எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை வந்தது 1981 ஜூனில். அதை அறிந்தவர் இந்த முகங்களைப் பார்த்ததும் 'இவர்களில் எத்தனை பேர்...' என்று நினைக்காமல் இருக்க முடியாது. நினைக்கலாம். ஆனால் படங்களை வெறும் இரங்கற்பாவாக வாசிப்பதை நான் ஏற்கமாட்டேன். சாயங்காலம் எங்கே போகலாம் என்ற யோசனையோடு நடந்து வருகிற ஆட்கள் இவர்கள். அந்த உற்சாகத்தை நம் துக்கத்தால் மூடக் கூடாது.

பத்தாண்டு கழித்து இதே கண் டெல்லிக்குத் திரும்பியது. லண்டனின் ஃபோட்டோகிராஃபர்ஸ் கேலரிக்காக 1986-87-இல் குப்தா செய்த 'எக்ஸைல்ஸ்' தொகுப்பு வண்ணப் படங்களால் ஆனது. இந்தியா கேட், ஹுமாயூன் கல்லறை என்று ஊரறிந்த இடங்கள். பலர் முகம் திருப்பியிருக்கிறார்கள். படத்தோடு, பெயர் சொல்லாதவர்களின் பேச்சிலிருந்து சில வரிகள். தன்பாலுறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 377 நடப்பில் இருந்த காலம் அது. இசைவோடு இணையும் வயதுவந்தோரை அதிலிருந்து உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018 செப்டம்பரில்தான். எனவே இவை தற்செயலாகக் கிடைத்த தெருப் படங்கள் அல்ல. ஆட்களோடு பேசி, நிற்கவைத்து எடுத்தவை. தெருவில் கிடைக்காததைத் திட்டமிட்டு உண்டாக்க வேண்டியிருந்தது.

2020-இல் அதே ஃபோட்டோகிராஃபர்ஸ் கேலரியில் தொடங்கிய குப்தாவின் பின்னோக்குக் காட்சியில் இரண்டு தொகுப்புகளும் இடம்பெற்றன. இவற்றைப் புத்தகத்திலோ சுவரிலோ பார்க்க வாய்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நியூயார்க்கை முதலில் பாருங்கள், நிதானமாக. அந்த நேர்ப்பார்வைக்குக் கண் பழகிய பிறகு டெல்லிக்கு வாருங்கள். அப்போதுதான் திரும்பியிருக்கும் ஒவ்வொரு முதுகிலும் எந்த முகம் இருந்திருக்க வேண்டும் என்று தெரியும்.