ஆறு பைட் கட்டளை

பழைய ஸ்கஸி டேப் டிரைவை ஃபைபர் சேனல் வலையமைப்பில் சேர்க்க நடுவில் ஒரு பிரிட்ஜ் பெட்டி போதும். அதன் ஒரு பக்கம் 68 பின் கொண்ட தடித்த கேபிள், மறுபக்கம் மெல்லிய கண்ணாடி இழை. பல கருவிகளை இணைக்கும் எல்விடி வகை ஸ்கஸி கேபிள் 12 மீட்டருக்கு மேல் தாங்காது. இழையோ 10 கிலோமீட்டர் கூடப் போகும். ஆனால் இரண்டிலும் ஓடுவது ஒரே கட்டளை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத அழகு இது.

டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றச் சொல்ல ஸ்கஸியில் ஆறு பைட் போதும். முதல் பைட் 01. ஃபைபர் சேனல் ஃபிரேமில் கட்டளைக்கென ஒதுக்கிய 16 பைட் இடத்தில் அந்த ஆறும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பிரிட்ஜ் உறையைப் பிரித்துக் கடிதத்தை டிரைவிடம் நீட்டுகிறது, அவ்வளவுதான். 1990களில் ஸ்கஸி-3ஐ வகுத்தவர்கள் கட்டளைகளை ஒரு தரமாகவும் கம்பியை வேறொரு தரமாகவும் பிரித்து எழுதினார்கள். அந்த முன்யோசனையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இனி டிரைவ் செய்வதைப் பாருங்கள். டேப் சுற்றி முடிய நேரமாகும். அதுவரை பொதுக் கேபிளான பஸ்ஸை அடைத்துக்கொண்டு நிற்காமல், இணைப்பை விட்டு விலகி மற்ற டிரைவ்களுக்கு வழிவிடுகிறது. வேலை முடிந்ததும் பஸ் காலியாக இருக்கும் நேரம் பார்த்து, பஸ்ஸில் தனக்கென உள்ள எண்ணுக்குரிய கம்பியை உயர்த்துகிறது. அதே நொடியில் வேறொரு டிரைவும் உயர்த்தினால்? முன்னுரிமை கூடிய எண்ணைக் கண்ட மற்றது தானே ஒதுங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலான எண் 7. பெரும்பாலும் அது பிரிட்ஜுக்கு. நடுவர் யாருமில்லாமலே வழக்கு தீர்ந்துவிடுகிறது.

இவ்வளவு நேரமும் இழைப் பக்கத்தில் சர்வர் தொடங்கிய உரையாடலை, அதன் எண்ணோடு பிரிட்ஜ் திறந்தே வைத்திருக்கிறது. டிரைவ் ‘முடிந்தது’ என்றதும் அதே எண்ணில் பதில் போகிறது. எழுதும்போதும் அதே நிதானம்: இத்தனை பைட் வாங்கத் தயார் என்ற செய்தி வந்த பிறகே சர்வர் தரவை அனுப்பும். வேகமான வலையமைப்பு மெதுவான டிரைவைத் திணறடிப்பதில்லை.

இணைக்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கஸியின் எச்விடி, எல்விடி வகைகள் இரண்டுக்கும் செருகி ஒன்றுபோலவே இருக்கும், மின்னழுத்தம் வேறு. மாற்றிச் செருகினால் கருவி பழுதாகலாம். பின்பக்கத்துக் குறியைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.